முன்கேட்டும் பின்கேட்டும்

நான் படிச்ச கான்வென்ட்டுக்கு ரெண்டு கேட். முன்கேட்ல மாதா சுரூபம், குரோட்டன்ஸ் செடி, தொப்பி போட்ட வாட்ச்மேன், அது இங்கிலீஷ் மீடியத்துக்கும் போர்டிங் பிள்ளைங்களுக்கும். பின்கேட் மாட்டுக்கொட்டகை ஓரமா இருக்கும், அது எங்களுக்கு, தமிழ் மீடியம், எய்டட், ஃபீஸ் கிடையாது. ஒரே மதர், ஒரே கோயில் மணி. ஆனா மொத்த படிப்புலயும் நான் முன்கேட் வழியா உள்ள போனது நாலஞ்சு தடவ இருந்தா அதிகம், அதுவும் பிஷப் வர்றப்போ ரெண்டு பக்கமும் நின்னு கை தட்டறதுக்கு. ஸ்கூல் பேர் சொல்லப்போறதில்ல, கேக்காதீங்க.

கான்வென்ட்னு பேச்செடுத்தாலே ரெண்டு கோஷ்டி வந்துடுது. ஒண்ணு "ஆஹா அந்த டிசிப்ளின், அந்த இங்கிலீஷ், ஐரிஷ் சிஸ்டருங்க மாதிரி வருமா"ன்னு உருகற கோஷ்டி. இன்னொண்ணு "மதம் மாத்த வந்தவங்க தானே"ன்னு முடிச்சிடற கோஷ்டி. ரெண்டு பேரும் பேசறது முன்கேட்ட பத்தி மட்டும்தான். எனக்கு கோவம் அங்கதான் வருது, ஏன்னா கான்வென்ட் நடத்தற இந்த கன்னியாஸ்திரி சபைங்கள்ல பலது ஆரம்பிச்சதே பின்கேட் பிள்ளைங்களுக்காக.

நம்ம சென்னைல சர்ச் பார்க் நடத்தற பிரசன்டேஷன் சபையவே எடுத்துக்குங்க. அத ஆரம்பிச்சவங்க அயர்லாந்து கார்க் ஊர்க்காரம்மா நேனோ நேகிள், 1718ல பொறந்தவங்க. அப்போ அங்க ஆங்கிலேய ஆட்சி, கத்தோலிக்கன் பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, பிள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கவும் கூடாதுன்னு சட்டம். வசதியான வீட்டுப் பொண்ணு, திருட்டுத்தனமா பிரான்சுக்குப் போய் படிச்சுட்டு வந்து, 1750கள்ல சந்துபொந்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ரகசியமா பள்ளிக்கூடம் வெச்சாங்க, சொந்த வீட்டு ஆளுங்களுக்கே முதல்ல தெரியாது. ராத்திரி லாந்தர் விளக்கோட நோயாளிங்க வீட்டுக்குப் போவாங்களாம், இன்னைக்கும் அந்த சபைக்கு லாந்தர்தான் அடையாளம். ஏழைங்களுக்கு காசு வாங்காம சொல்லிக்கொடுக்கணும், இதுதான் மூச்சே.

அந்த சபை சிஸ்டருங்க 1842ல மெட்ராஸ் வந்து இறங்கினாங்க, ஜார்ஜ் டவுனுக்கு. யாருக்காகன்னா பட்டாளத்துல இருந்த ஐரிஷ் சோல்ஜருங்களோட பிள்ளைங்களுக்காக, அப்பன் காலராவுல செத்தா தெருவுல நிக்கற பிள்ளைங்க. 1909ல மவுண்ட் ரோட்ல சர்ச் பார்க். அதுக்கப்புறம் பொண்ணு எங்க படிக்குதுன்னு சொல்றதே ஒரு அந்தஸ்தா மாறின கதை உங்களுக்கே தெரியும், ஜெயலலிதாவே அங்க படிச்சவங்கதான். சந்துல ஆரம்பிச்சது மவுண்ட் ரோட்டுக்கு வந்துடுச்சு.

இது எப்படி நடந்துச்சுன்னா, காசுதான், வேற ஒண்ணும் இல்ல. அந்தக் காலத்து கான்வென்ட்டுங்கள்ல பொதுவான கணக்கு என்னன்னா, போர்டிங்ல ஃபீஸ் கட்டற பிள்ளைங்க, டே ஸ்கூல்ல கொஞ்சம் கம்மியா கட்டற பிள்ளைங்க, அதே காம்பவுண்ட் கடைசில இலவசப் பள்ளி, அனாதை இல்லம். முன்னாடி வர்ற பணம்தான் பின்னாடி கஞ்சி ஊத்துச்சு. இத நான் குத்தமாவே சொல்லல, வேற எங்கேர்ந்து வரும் பணம்? குத்தம் என்னன்னா ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே விடல. வெள்ளக்காரன் காலத்துல யூரோப்பியன் ஸ்கூல்னு தனி விதிமுறை வேற, அதுல இந்தியப் பிள்ளைங்களுக்கு ஒரு அளவுக்கு மேல சீட்டே கிடையாது.

நம்ம ஊரு சாதி புத்தி பட்டுதான் இப்படி ஆச்சுன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். இல்லங்க, அயர்லாந்துலயே அப்படித்தான் இருந்துருக்கு. ஆம்பளப் பிள்ளைங்கன்னா பணக்கார வீடு ஜேசு சபையோட கிளாங்கோஸ் வுட் போர்டிங், இல்லாத வீடு கிறிஸ்டியன் பிரதர்ஸ் பள்ளிக்கூடம். ஜேம்ஸ் ஜாய்ஸ் தெரியும்ல, அந்த ஐரிஷ் எழுத்தாளர், அவர ஆறு வயசுல 1888ல கிளாங்கோஸ் போர்டிங்ல விட்டாங்க, 1891ல அப்பாவால ஃபீஸ் கட்ட முடியல, வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டாங்க. கொஞ்ச நாள் கிறிஸ்டியன் பிரதர்ஸ், அப்புறம் ஒரு ஜேசு சபை ஃபாதர் தயவுல 1893ல டப்ளின்ல பெல்வடியர் டே ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாம சேந்தாரு. அந்த ஒரு ஆள் வாழ்க்கைலயே மூணு படியும் இருக்கு பாருங்க.

பொண்ணுங்க கதை இன்னும் சுவாரஸ்யம். 1878ல அயர்லாந்துல இன்டர்மீடியட்னு ஒரு ஹைஸ்கூல் பரீட்சைக்கு சட்டம் வந்துச்சு, பிள்ளைங்க எடுக்கற மார்க்க பொறுத்து பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும், பொண்ணுங்களும் எழுதலாம். அதுவரைக்கும் பியானோ, பிரெஞ்சு, எம்பிராய்டரி, குனிஞ்ச தலை நிமிராம நடக்கறதுன்னு சொல்லிக்கொடுத்துட்டிருந்த லொரேட்டோ, டொமினிக்கன் கான்வென்ட்டுங்க எல்லாம் கொஞ்ச காலத்துலயே கணக்கு, லத்தீன்னு எறங்கிடுச்சு. ரிசல்ட் பேப்பர்ல வரும், எந்த கான்வென்ட் எத்தன பரிசுன்னு போட்டி. இப்ப நம்ம ஸ்கூலுங்க பிளெக்ஸ் வெக்கறாங்களே, அதே சமாச்சாரம்தான், என்ன, ஒரு நூறு வருஷம் முன்னாடி.

அந்த போர்டிங் வாழ்க்கைய "சொர்க்கம்"னு எழுதறவங்க மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. துணில பேருக்கு பதிலா நம்பர் தச்சிருக்கும். வீட்டுக்கு எழுதற லெட்டர மதர் படிச்சுட்டுதான் தபால்ல போடுவாங்க, அப்ப "எனக்கு இங்க பிடிக்கல"ன்னு எந்தப் பிள்ளை எழுதும்? சாப்பிடும்போது பேசக்கூடாது, புனிதர் வரலாறு ஒருத்தி வாசிப்பா, கேட்டுக்கிட்டே சாப்பிடணும். குளிக்கறதுக்குக் கூட மேல ஒரு அங்கி போட்டுக்கிட்டுதான். ரெண்டு பேர் ரொம்ப ஒட்டிக்கிட்டா "தனி சிநேகம்"னு பிரிச்சு உக்கார வெச்சிடுவாங்க. ஆனா ஒண்ண மறுக்க முடியாது, பதினாறு வயசுல கல்யாணம் முடிஞ்சிருக்க வேண்டிய பொண்ணுங்க நம்ம ஊர்ல அந்த சுவத்துக்குள்ள இருந்துதான் டீச்சர், நர்ஸ், டாக்டர்னு வெளிய வந்தாங்க. ரெண்டும் உண்மை.

கல்கத்தா என்டாலி காம்பவுண்ட்ல லொரேட்டோ சிஸ்டருங்களோட இங்கிலீஷ் மீடியம் ஒரு பக்கம், செயின்ட் மேரிஸ்னு பெங்காலி மீடியம் இன்னொரு பக்கம். 1929ல வந்த ஒரு அல்பேனிய சிஸ்டர் வேலை பாத்தது அந்த பெங்காலி பக்கத்துல, 1944ல அங்கயே ஹெட்மிஸ்ட்ரஸ். சுவத்துக்கு அந்தாண்ட மோதிஜீல் சேரி. 1948ல அவங்க அந்த சுவத்த தாண்டி வெளிய வந்துட்டாங்க, மதர் தெரசான்னா இப்ப தெரியும். உள்ள இருந்த மத்தவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல, ஆனா சுவர் எவ்வளவு உயரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நம்ம பக்கம் சாதிய விட்டுட்டு பேச முடியாது. சர்ச் பார்க் தொடங்கின அடுத்த வருஷம், 1910லதான் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்து கத்தோலிக்கக் கோயில்ல சாதிக்கு ஒரு பக்கம்னு பிரிச்சிருந்த தடுப்புச் சுவர கௌசானல் அடிகளார் இடிச்சாரு, அதுக்கு கோர்ட்டுக்குப் போனாங்க நம்ம ஆளுங்க. பூசைக்கே தனித்தனியா நின்ன ஊர்ல, போர்டிங்ல மட்டும் ஒரே பந்தின்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

இப்போதைய விஷயம் ஒண்ணு. தனியார் ஸ்கூல்ல 25 சதவீதம் சீட் இல்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு கல்வி உரிமைச் சட்டம் இருக்குல்ல, 2014ல சுப்ரீம் கோர்ட் சிறுபான்மை ஸ்கூலுங்களுக்கு அது பொருந்தாதுன்னுடுச்சு. சிறுபான்மை உரிமை வேணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. ஆனா சட்டம் கேக்கலன்னா நீங்களா கொடுக்கக்கூடாதா? லாந்தர் தூக்கிட்டு போன அம்மாகிட்ட எந்த சட்டம் கேட்டுச்சு, தடுக்கதான செஞ்சுச்சு?

கடைசியா ஒரு விஷயம், எழுதாம விட மனசு வரல. சபைக்குள்ளயே ரெண்டு கேட் இருந்துச்சு. வீட்டுலேர்ந்து வரதட்சணை மாதிரி பணம் கொண்டு வந்த, படிச்ச சிஸ்டருங்க பாடம் எடுப்பாங்க, ஜெபம் பாடுவாங்க. இல்லாத வீட்டுப் பொண்ணுங்க வேற தரத்து சிஸ்டருங்க, சமையல், சலவை, தோட்டம். 1960கள்ல உலகத்து பிஷப்புங்க எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம்தான் இந்தப் பிரிவ எடுத்தாங்க. எங்க கான்வென்ட்ல ஒரு வயசான சிஸ்டர் இருந்தாங்க, எந்த கிளாஸும் எடுத்தது கிடையாது, நாங்க சமையக்கட்டு சிஸ்டர்னுதான் கூப்பிடுவோம். பூசைக்கு அப்பம் சுட்டு வட்டமா வெட்டினப்புறம் மிஞ்சற ஓரத் துண்டுங்கள ஒரு பழைய பிஸ்கட் டின்ல போட்டு எடுத்துட்டு வந்து பின்கேட்ல நின்னு எங்களுக்குக் கொடுப்பாங்க, உப்பும் இல்லாம இனிப்பும் இல்லாம நாக்குல ஒட்டிக்கும். முன்கேட்டுப் பிள்ளைங்களுக்கு அது கிடைச்சதே இல்ல. போன வருஷம் ஸ்கூல் மலர் ஒண்ணு போட்டாங்க, ஒவ்வொரு மதருக்கும் ஒரு முழுப் பக்கம், கலர்ல. அவங்க படத்த தேடித் தேடிப் பாத்தேன், ஒரு குரூப் ஃபோட்டோல கடைசி வரிசைல பாதி முகம் தெரியுது, கீழ பேர் போடல. எனக்கும் அவங்க பேர் தெரியாது.