மதியம் ஒரு மணிக்கு வந்துட்டு மதுரைல ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க

மதுரைய சுத்திப் பாக்க வந்த ஒருத்தர் போட்ட வீடியோவைப் பத்தி எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆளாளுக்கு அதையே அனுப்பி "உங்க ஊரு இவ்ளோதானா"ன்னு கேட்டா எப்படிங்க சும்மா இருக்கிறது? மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்திட்டாங்க, திருமலை நாயக்கர் மஹால் பாதிதான் இருக்கு, மதுரைக்கு ஒரு நாளே அதிகம், கறிதோசை சாப்பிட்டுட்டு கிளம்புங்கன்னு கோயில் வாசல்ல நின்னு சொல்றாரு, அதுக்கு அத்தனை லைக்கு.

மீனாட்சியம்மன் கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்தி சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறக்கும். இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஒரு நாள்ல மதுரை பாக்கலாம், தாராளமா பாக்கலாம், ஆனா கோயில் நேரத்தை வச்சுத்தான் அந்த நாளைப் பிரிக்கணும். விடிகாலைல உள்ள போயி பொற்றாமரைக் குளத்துப் படில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வெளிய வரணும், நடு மதியத்துக்கு மஹால், வெயில் தாழ்ந்ததும் வீதி, ராத்திரி பள்ளியறை பூஜைக்கு மறுபடி கோயில். அவ்ளோதான். இதைக் கேட்டுட்டு வர்றதுல என்ன கஷ்டம்?

மஹால் பாதிதானாம். பாதிகூட இல்லங்க, திருமலை நாயக்கர் 1636ல கட்டுன அரண்மனைல இப்ப நிக்கிறது கிட்டத்தட்ட கால் பங்குதான். மிச்சத்தைப் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பேத்து எடுத்துட்டுப் போனாருன்னு சொல்லுவாங்க. அந்தக் கால் பங்குல தூணுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு, அப்படியே நடந்து விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்கு வந்தா, ஜவுளிக்கடைங்களுக்கு நடுவுல அதே அரண்மனையோட பத்து தூணு தனியா நிக்கும். முழு அரண்மனை எவ்ளோ பெருசுன்னு அங்கதான் புரியும். இதை யாரு வீடியோல காட்டுனா?

எங்க அப்பா வெளியூர் சொந்தக்காரங்க வந்தா ஆட்டோ வைக்கவே மாட்டாரு. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு உள்ள இருந்து வெளிய நடக்க வைப்பாரு. வெளி வீதி இருக்கிற இடத்துலதான் கோட்டை இருந்துச்சு, வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் பிளாக்பர்ன் இடிச்சாரு, அந்த வேலைய பாத்தவங்க பேருதான் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு சொல்லிக்கிட்டே வருவாரு. அத்தை கால் வலிக்குதுன்னு திட்டும், ஆனா ஊருக்குப் போயி அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லும்.

"எல்லாருக்கும் அவ்ளோ லீவு கிடைக்காது"ன்னு கமெண்ட்ல வருவீங்க. நான் எங்க ஒரு வாரம் தங்கச் சொன்னேன்? அதே ஒரு நாளைத்தான் சொல்றேன். வெயில்னு சொன்னா ஒத்துக்கிறேன், சித்திரை மாசத்துல கோயில் கல்லுல வெறுங்கால வைக்க முடியாது, பொறுக்கவே பொறுக்காது, அதனாலதான் காலைல வாங்கன்னு சொல்றேன். சொந்த ஊர்ப் பாசத்துல பேசுறேன்னு சொல்றவங்களுக்கு, ஆமா, பாசம்தான். அதுல என்ன தப்பு?

எனக்கு அதைவிட வலிக்கிறது புதுமண்டபம். கோயிலோட கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்லயே இருக்கிற பழைய கல் மண்டபம், அந்த வீடியோல ரெண்டு செகண்டுதான் வருது. முன்னாடி சிலை செதுக்குன தூணுக்குத் தூணு தையல் மிஷினு ஓடிட்டு இருந்துச்சு, அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுறவங்க சல்லடமும் குல்லாவும் அங்கதான் தச்சாங்க, எங்க பாவாடை சட்டையும் அங்க தச்சதுதான். இப்ப அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. மண்டபத்தைக் காப்பாத்தணும்கிறது நியாயம், மறுக்கல. ஆனா அந்தத் தையக்காரங்களைத் தேடிப் போயி ஒருத்தராவது பேசியிருக்கலாம்ல? பாக்க ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி அதையாவது செஞ்சிருக்கலாம்.

அடுத்து யாரு வர்றீங்களோ, முன்னாடியே மெசேஜ் போடுங்க. காலைல 6 மணிக்கு அம்மன் சன்னதி வாசல்ல நிக்கிறேன். உள்ள செல்போன் விட மாட்டாங்க, அதைக் கொடுத்து வச்சுட்டுத்தான் வரணும்.