விடியலில் அந்த அரை மணித்தியாலத்தை விட்டுக்கொடுங்கள்

கோயிலானாலும் தேவாலயமானாலும் பள்ளிவாசலானாலும் காலை 6.30க்கு முன்னர் வெளியே பார்த்த ஸ்பீக்கர் வேண்டாம். இது பக்திக்கு எதிரான பேச்சில்லை, விடியலில் குருவிகளின் குரல் கேட்க வேணும் என்பதற்கான பேச்சு. இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாதென்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தை மாதத்தில் வன்னியில் சூரியன் எழுவதே 6.20க்குப் பிறகுதான். குருவிகள் எல்லை சொல்வதும் துணையைக் கூப்பிடுவதும் விடிவதற்குச் சற்று முன்தான் உச்சம். காற்று ஓய்ந்திருக்கும், குரல் தூரம் போகும்.

இரைச்சல் வெறும் 6 டெசிபெல் கூடினால், வெட்டவெளியில் ஒரு குரல் கேட்கும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பரப்பாகப் பார்த்தால் கால்வாசிதான் மிச்சம்.

எந்தச் சத்தம் எதை மூடுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேணும். ஏ9 வீதி வாகன இரைச்சலின் பெரும்பகுதி 2 கிலோ ஹேர்ட்ஸுக்குக் கீழே, அதாவது தாழ்ந்த சுருதியில். செண்பகத்தின் 'ஊப் ஊப்', புறாவின் குமுறல், ஆந்தையின் குரல் எல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பட்டாணிக்குருவிகள் (great tit) இரைச்சல் கூடிய இடத்தில் பாட்டின் மிகத் தாழ்ந்த சுருதியை உயர்த்துவதாக 2003இல் ஓர் ஆய்வு வந்தது. அவை பாட்டைக் கேட்டுப் பழகும் இனம். செண்பகமும் புறாவும் பிறவியிலேயே வந்த குரலோடு வாழ்பவை, அந்த வழி அவற்றுக்கு அவ்வளவு எளிதில்லை. குழாய் ஸ்பீக்கரோ மனிதக் குரல் தெளிவாகக் கேட்கும் நடுச்சுருதியில்தான் அலறும். மைனாவும் கொண்டைக்குருவியும் பாடுவது அங்கேதான்.

ஊரில் அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் வீதியிலிருந்து 50 மீற்றரிலும் 500 மீற்றரிலும் ஒரே வகைப் பற்றை உள்ள இடங்களைத் தெரிந்து, ஒரே நேரத்தில் 10 நிமிடம் பதியுங்கள். போனின் இரைச்சல் நீக்கும் வசதியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் செண்பகத்தின் குரலையும் சேர்த்து அழித்துவிடும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். மைக்கில் காற்றுப் பட்டால் அந்தப் பதிவு வீண். சுருதியைக் காட்டும் ஒலிப்படத்தில் (spectrogram) பாட்டின் கீழ்ப்பகுதி தெரியாததைப் பார்த்து 'குருவி சுருதியைக் கூட்டிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். இரைச்சல் மூடினாலும் படம் அப்படித்தான் தெரியும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

உடனே செய்யக்கூடியது: மரத்து உச்சியில் கட்டிய குழாயை இறக்கி, வாயை மண்டபத்துக்குள் திருப்புங்கள். கும்பிட வந்தவர்களுக்குக் கேட்டால் போதும்.