அப்பச்சி எட்டாவது தூணைத் தொட்டார்

நேற்றுச் சாயங்காலம் அப்பச்சி, அதாவது எங்கள் அப்பா, வளவில் (வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரத்தில்) எட்டாவது தூண் வரை நடந்தார். இடது கையில் ஊன்றுகோல், வலது பக்கம் ஆத்தா, எங்கள் அம்மா. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'எட்டு' என்று ஒரே ஒரு சொல் வந்தது. கோவையில் இருக்கும் ஆச்சிக்கும் (எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்), சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கும், சென்னையில் இருக்கும் எனக்கும் அது போதும்.

பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. வயதான அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் உயிர் பிழைப்பது ஒன்று, வீட்டில் தேறுவது வேறொன்று. முதலாவதற்கு எல்லோரும் ஓடி வந்தோம். இரண்டாவதை ஆத்தா தலையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு ஆத்தா எழுப்பும்போது அப்பச்சிக்கு வாய் கோணியிருந்தது. வலது கை எழவில்லை, பேச்சும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் முதலில் போன இடத்தில், "பி.பி. ஏறியிருக்கு, கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று படுக்க வைத்திருக்கிறார்கள். ஆத்தா இருபது நிமிடம்தான் பொறுத்தார். அப்புறம் வண்டியை மதுரைக்கு விடச் சொல்லிவிட்டார். காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்.

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" ஆத்தா தயங்காமல் சொன்னார்: "நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாத்ரூம் போனாக. மழை வரும்போல இருக்குன்னு நல்லாத்தான் பேசினாக."

அந்தப் பதில்தான் அப்பச்சியைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். மூளையில் அடைத்த ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தூக்கத்தில் வந்த வாதமாக இருந்தால், கண் விழித்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். நாலு மணி என்று ஆத்தா உறுதியாகச் சொன்னதால், ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு எட்டு பத்துக்கு ஊசி போட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது முகம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால் முதலில் மணியைப் பாருங்கள். சோடாவும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறனும் அப்போதே போயிருக்கலாம்.

ஐ.சி.யூ.வில் நாலு நாள், வார்டில் ஒன்பது நாள். அந்த 13 நாளும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே கிடந்தோம். பி.பி., சுகர், சோடியம் என்று மணிக்கொரு தடவை எண்களைக் குழுவில் போட்டோம். மூக்குக் குழாயை எடுத்த அன்று சித்தப்பா வீட்டார் வரைக்கும் அழுதார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். நாலாம் நாள் தம்பி விமானம் ஏறினான். ஆச்சிக்குப் பிள்ளைகள் பரீட்சை. நான் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தேன். "நீ போப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று ஆத்தா சொன்னதை அப்படியே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனபோது ஆத்தாவின் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பச்சியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவு முழுவதும் அலாரம் வைத்து அதைத் தனியாகச் செய்திருக்கிறார். 66 வயது, சர்க்கரை வேறு. அப்பச்சியின் மாத்திரைகள் வேளை தவறாமல் டப்பாவில் பிரித்து வைத்திருந்தன. ஆத்தாவின் மாத்திரைப் பட்டை பன்னிரண்டு நாளாகத் தொடப்படவில்லை.

எங்கள் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுக்கும் இந்தப் பெரிய வீட்டில், ஒரு கை கால் வராத மனிதர் வாழ்வது பெரும்பாடு. முகப்புக்கு ஏறப் படிகள், ஒவ்வொரு கட்டுக்கும் (வீட்டின் பகுதிக்கும்) உயரமான நிலைப்படி, கழிப்பறையோ கடைசிக் கட்டில். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும். பாதி அறைகளைப் பங்காளிகள் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இரவில் ஆத்தா கூப்பிட்டால் கேட்க ஆளில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான். கோயில் செலவைப் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) இவ்வளவு என்று பிரித்து, வெளிநாட்டில் இருக்கும் புள்ளியைக்கூட விடாமல் வரி வாங்குகிறவர்கள் நாம். கல்யாணச் சாமான் பட்டியலில் ஒரு கரண்டிகூட விட்டுப்போகாது. பெற்றவரைப் பார்த்துக்கொள்வதை மட்டும் ஏன் எழுதிப் பிரித்துக்கொள்வதில்லை? எழுதாமல் விட்டால் அது எப்போதும் வீட்டில் இருக்கிற பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அதைப் பாசம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துகொள்கிறோம். இது அநியாயம். நானும் அதைச் செய்தவன்தான்.

எனவே எழுதினோம். மாதத்தில் பத்து நாள் நான், ஒரு வாரம் ஆச்சி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் தம்பி. வர முடியாத நாளுக்கு ராத்திரி ஆள் சம்பளத்தைத் தம்பி ஏற்றுக்கொண்டான். ஆத்தாவின் மாத்திரையும் சுகர் டெஸ்ட்டும் ஆச்சி பொறுப்பு. கட்டிலை வளவை ஒட்டிய அறைக்கு மாற்றினோம், கமோடு நாற்காலி வாங்கினோம், நிலைப்படிக்குச் சரிவுப் பலகை அடித்தோம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள் என்பது பக்கத்துத் தெரு செவிலியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பிசியோதெரபிஸ்ட்தான் வளவுத் தூண்களை அப்பச்சிக்குக் கணக்காக்கியவர். முதல் மாதம் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைதான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு பல வருடம் நடந்த கால்கள் அவை. இரண்டு தூணுக்கு இடையில் மூன்று முறை நிற்க வேண்டியிருந்தது. அப்பச்சி அழுதார். வாதத்துக்குப் பிறகு அழுகை சட்டென்று வரும், மனச்சோர்வும் வரும், அதற்கும் மருந்து உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நாங்கள் கலங்கவில்லை.

பார்க்க வருகிறவர்களைப் பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். "எப்படி இருந்த மனுஷன்!" என்று அவர் முன்னாலேயே உச்சுக் கொட்டினார்கள். பேச்சு வரவில்லை என்றால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பு. அப்பச்சிக்கு எல்லாம் புரிகிறது; சொல்தான் கிடைக்கவில்லை. ஆத்தாவின் பெயரைச் சொல்ல முடியாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தவர், ஒரு கார்த்திகை அன்று விளக்கைப் பார்த்ததும் "அரோகரா" என்றார், தெளிவாக! ஆண்டுக்கணக்கில் வாயில் பழகிய சொற்கள் இப்படித் தப்பிப் பிழைப்பது உண்டாம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வாரம் இருமுறை வீடியோவில் வருகிறார். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணவைத்து, அந்த ஓட்டத்திலேயே மற்ற சொற்களையும் பிடிக்கப் பழக்குகிறார்.

புறாக்கறி கொடுங்கள், அந்த எண்ணெயைத் தேயுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. பிரியத்தில் சொல்கிறார்கள், சரி. ஆனால் "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திப் பாருங்க" என்று ஒருவர் சொன்னபோது நான் எழுந்தே விட்டேன். பி.பி. மாத்திரையை நிறுத்தினால் இரண்டாவது வாதத்துக்கு வழி விட்டமாதிரி.

தம்பியின் முறை 20-ஆம் தேதி தொடங்குகிறது. எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும் என்பது அவனுக்கு மறந்திருக்கும். நேற்று ராத்திரி வீடியோ காலில் காட்டினேன்: வலது பக்கம் நிற்க வேண்டும், இடுப்பில் கட்டிய துண்டைப் பிடிக்க வேண்டும், அவராக எழும்வரை பொறுக்க வேண்டும். நான் நின்ற இடம் சரியில்லை என்று ஆத்தா வந்து என்னை அரை அடி தள்ளி நிறுத்தினார். அப்பச்சி தலையாட்டினார்.