பல் சுத்தம் செய்தால் பல் ஆடுமா?

"ஸ்கேலிங் செய்தால் எனாமல் தேய்ந்து பல் ஆட ஆரம்பிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஸ்கேலிங் என்பது பல்லில் இறுகிய படிவை டாக்டர் அதிரும் கருவியால் எடுத்துச் சுத்தம் செய்வது.

பல்லில் படியும் கிருமிப் படலம், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து இறுகினால் பற்காரை. கீழ் முன்பற்களின் உட்பக்கம் நாக்கில் சொரசொரவென்று தட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான். பிரஷ்ஷுக்கு அசையாது. அதில் தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கி, ரத்தம் கசியும். அப்படியே விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரையும். ஆட்டம் வருவது அப்படித்தான். ஆடும் பல்லுக்குக் காரையே முட்டுக்கொடுத்து நிற்கும். ஸ்கேலிங்கில் அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகிறது. பழி டாக்டர் மேல்!

முறையாகச் செய்தால் கருவியின் அதிர்வு காரையைத்தான் உடைக்கும், எனாமலைத் தேய்ப்பதில்லை. கரித்தூளும் உப்பும் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் எனாமலுக்கு வினை. ஸ்கேலிங்குக்குப் பிறகு சில நாள் பல் கூசும், அது உண்மை; பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.