கிராங்க் ரன்அவுட் 'அரை மில்லி வரை ஓகே' இல்லை

"கிராங்க் ஷாஃப்ட் ரன்அவுட் 0.5 மில்லிமீட்டர் வரை இருக்கலாம், பேரிங் சமாளிச்சுக்கும்" என்ற செய்தி சிங்கப்பூர் பைக் ஓட்டிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ரன்அவுட் என்பது, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது நேராக நிற்காமல் எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு. அந்தச் செய்தி தவறு. 0.05 என்பதில் ஒரு சுழியம் விழுந்துபோயிருக்கும் என்று தோன்றுகிறது.

ஜப்பானிய நிறுவனங்களின் சர்வீஸ் மேனுவல்களில் இந்த வரம்பு பெரும்பாலும் 0.03 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான். உங்கள் மாடலுக்கான எண், மேனுவலின் எஞ்சின் அளவுப் பட்டியலில் இருக்கும்.

அளப்பது இப்படி: கிராங்க்கை வெளியே எடுத்துத் துடைத்து, பேரிங் உட்காரும் இடங்களை 'வி' பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வையுங்கள். டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) முனையை ஷாஃப்டின் நுனிப் பக்கம் தொடவிட்டு, சாவிக்குழி (சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) படாமல், கையால் மெல்ல ஒரு சுற்று. முள் காட்டும் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன்அவுட்; ஷாஃப்ட் விலகியிருப்பது அதில் பாதி. சாதாரண கேஜில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அரை மில்லி என்றால் முள் அரைச் சுற்று ஓடும்! எஞ்சினுக்குள் வைத்தே அளந்தால் பேரிங் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும்.

வரம்பு மீறினால் அதிர்வு, மெயின் பேரிங் தேய்மானம், ஆயில் சீல் கசிவு. கிராங்க் நுனியில் சுழலும் மேக்னட், அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருளில் உரசவும் கூடும். பல துண்டுகளை அழுத்திச் சேர்த்த கிராங்க்கைத் தெரிந்தவர் நிமிர்த்தலாம். ஒரே துண்டாக வருவதை மாற்றத்தான் வேண்டும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் 'பாத்தாச்சு' என்றால், எத்தனை என்று எண்ணைக் கேளுங்கள்.