தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு எடையைக் கேட்பவர்களுக்கு

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். இன்னும் மனம் ஆறவில்லை. அத்தனை பேர் முன்னால் என் மகளின் எடையை வாசித்து, "வாயைக் கட்டச் சொல்லுங்கள் அம்மா" என்றாரே அந்த ஆசிரியர், அவரிடம் ஒரே கேள்வி. அவள் எப்போது தூங்குகிறாள் என்று கேட்டீர்களா?

பன்னிரண்டாம் வகுப்பு. ஏழு மணிச் சிறப்பு வகுப்புக்கு ஆறு மணிக்கே பஸ். அந்நேரத்தில் யாருக்கு இட்லி இறங்கும்? கட்டிக்கொடுத்தாலும் சட்னி புளித்து, இட்லி விறைத்து, டப்பா அப்படியே திரும்புகிறது. இரவு ஏழு வரை மறுபடி வகுப்பு. நடுவே பசித்தால் கேன்டீனில் பப்ஸும் சமோசாவும்தான். அந்தக் கேன்டீனைக் குத்தகைக்கு விட்டவர்கள்தான் வாயைக் கட்டச் சொல்கிறார்கள்! வீட்டுப்பாடம் முடிய மணி பன்னிரண்டு.

பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். 2004இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். நன்றாகத் தூங்கவிட்ட நாள்களோடு ஒப்பிட்டால், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைவு. பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் அதிகம். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மீதுதான் ஆசை கூடியதாம். இரண்டே இரவில் அப்படி. இங்கே வருடம் முழுக்க. தூக்கத்தைப் பறித்துவிட்டு எடையைக் கேட்காதீர்கள்.

"கைபேசி பார்த்து விழித்திருக்கிறார்கள்" என்பீர்கள். இருக்கலாம். இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்புவது யார்? "நாங்களும் தெருவிளக்கில் படித்தோம்." சந்தோஷம். "நீட் எழுத வேண்டாமா?" எழுதட்டும், தூங்கி எழுந்து எழுதட்டும்.

என் தம்பியை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார் அப்பா. ஒல்லிக்குச்சியாகப் போனவன். தூக்கம் வராமலிருக்க நள்ளிரவில் தேநீரும் பன்னும் கொடுப்பார்களாம். விடுமுறைக்கு வந்தபோது பழைய கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. "விடுதிச் சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது" என்று ஊரே மெச்சியது. பையன் அல்லவா! சனிக்கிழமை எந்தப் பையனின் எடையாவது வாசிக்கப்பட்டதா? என் மகளுக்குப் பின்னால் நின்ற மூன்று பெண்களும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சார்; கையில் பட்டியல் இருந்தது.

இப்போது இரவில் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு இயற்பியல் படிக்கிறாள். பசியில், இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. திருப்தியா?

கொள்ளுக் கஞ்சி, சீரகத் தண்ணீர்க் குறிப்புகளோடு யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம்.