பதினொரு மணிக்குப் பதனி கேட்டால்

போன சித்திரையில் திசையன்விளைப் பக்கம் சித்தப்பாவின் விடிலியில், அதாவது பனையில் இறக்கின பதனியை (பதநீரை) கருப்பட்டியாகக் காய்ச்சுகிற குடிசையில் இருந்தேன். மணி பதினொன்று இருக்கும். கார் ஒன்று தேரிச் செம்மணலில் திணறி வந்து நின்றது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மேப் போட்டு வந்த நாலு பேர்.

"அண்ணாச்சி, பதனி இருக்கா?"

"அது காலைலயே அடுப்புல ஏறிட்டே தம்பி."

முகம் வாடிப்போச்சு. ஒருத்தர் மட்டும் சித்தப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய், "அப்போ... மத்தது?" என்றார்.

அந்த 'மத்தது'தான் என் வயிற்றெரிச்சல். பனையின் பூம்பாளையைச் சீவி, சாறு சொட்டக் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி, தடவாவிட்டால் கள். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. கேட்டவர் கார் ஏறிவிடுவார், கேஸ் வந்தால் பனையேறி தலையில். அதே ஆள் புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போய் கள்ளுக்கடையில் கப்பையும் மீன்கறியுமாக போட்டோ போட்டால், அதுக்குப் பேரு ஃபுட் டூரிசம்!

வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதனி வேண்டும். விறகு, புகை, சிரட்டையில் ஊத்தி எடுக்கிறவரை சித்தி இடுப்பு ஒடிய நிற்பது எல்லாம் தனி. பனையடியிலேயே நாலு பேர் பனையோலைப் பட்டையில் பிடித்துக் குடித்துவிட்டுக் காசு கொடுத்தால் அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு வேலை மிச்சம். ஆனால் வெயில் ஏற ஏற பதனி புளிக்கும். டூரிஸ்ட் எழுந்து, இட்லி தின்று, கிளம்பி வரும்வரை அது காத்திருக்காது.

நேரம் காலம் இல்லாமல் கேட்கிற ஆள் இருப்பதால்தான் ஐப்பசி மழையிலும் பைபாஸ் ஓரம் டிரம்மில் 'பதனி' ஓடுகிறது. எந்தப் பனை ஐப்பசியில் பாளை விட்டதோ, தண்ணீரில் சாக்கரின் இனிப்பைக் கலக்கிறவருக்கே வெளிச்சம். அதைக் குடித்தவர் "பதனின்னா இவ்வளவுதானா" என்று போய்விடுகிறார். நஷ்டம் யாருக்கு? உடன்குடிக் கருப்பட்டிக்காவது 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதனிக்கு எதில் சீட்டு ஒட்ட?

அந்த நாலு பேர் கடைசியில், "ஒரு தடவை ஏறிக் காட்டுங்களேன், ரீல்ஸ் எடுத்துக்கிறோம்" என்றார்கள். காலையில் முப்பது பனை ஏறி இறங்கின மனுஷனிடம்! "சாயங்காலம் பாளை சீவ ஏறுவேன், இருந்து பாருங்க" என்றார் சித்தப்பா. இருக்கவில்லை.

சித்தப்பா நம்பர் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க. பங்குனி, சித்திரை, வைகாசியில் சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை எந்த ரோட்டில் போனாலும் பனையடியில் ஆள் இருப்பாங்க. ஏழு மணிக்குள்ள போங்க. நுங்கு கிடைத்தால் பட்டையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்க. விலை பேசாதீங்க.